துருவேறா எஃகு: வெப்பப் பதப்படுத்தல்

எவர்சில்வர் என வழங்கும் துருவேறா எஃகைச் சூடேற்றி ஆறவைப்பதன் மூலம் அதன் கடினத்தையும் இளக்கத்தையும் அரிமானம் தாங்கும் திறனையும் மாற்றும் முறை.

1904 முதல் லியோன் கியே பிரான்சில் குரோமிய எஃகுகளை ஆராய்ந்தார். அவற்றின் துருவேறாமையை அவர் பெரிதாகக் கருதியதாகத் தெரியவில்லை.

துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி, 1913 ஆகஸ்டில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரியும் கொண்ட எஃகை வார்த்தார். நுண்ணோக்கிக்காக மாதிரிகளை அமிலத்தால் அரித்தபோது, சூடேற்றிச் சட்டென ஆறவைத்துப் பதமேற்றியவை அரிபடவில்லை. மெதுவாக ஆறியவை அரிபட்டன. மெதுவாக ஆறும்போது குரோமியத்தின் ஒரு பகுதி கரியோடு சேர்ந்து கார்பைடாக ஒதுங்கிவிடுகிறது. மேற்பரப்பைக் காக்க எஞ்சுவது குறைவு. ஆகவே இந்த எஃகின் துருவேறாமை கலவையில் பாதி, உலையில் பாதி எனலாம்.

கத்திக்காரர்கள் இந்த எஃகை முதலில் ஏற்கவில்லை. வெட்டாத கத்திகளைக் கண்டுபிடித்தவர் என்று பிரியர்லியைக் கேலி செய்தார்களாம். சிக்கல் பதமேற்றும் சூட்டில் இருந்தது: சாதாரணக் கரி எஃகு 800 பாகை செல்சியசுக்குள் பதமேறும். இதற்கோ 1000 பாகையை ஒட்டிய சூடு வேண்டும். 1914இல் மோஸ்லி தொழிலகத்தின் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் அதை வினிகரில் போட்டுப் பார்த்தார், கறை படியவில்லை. அவருடைய முதல் கத்திகள் பட்டறைக் கருவிகளையே மழுங்கடித்தன என்பர். சில முயற்சிகளுக்குப் பின் பதம் பிடிபட்டது.

துருவேறா எஃகை முதலில் கண்டவர் யார் என்பதில் நூல்கள் ஒத்துப்போகவில்லை. ஜெர்மனியின் குரூப் ஆலையில் ஸ்ட்ராஸ், மௌரர் இருவரும் 1912இலேயே நிக்கல் சேர்ந்த எஃகுக்குக் காப்புரிமை கோரியிருந்தனர். கத்தி எஃகுக்கு நேர்மாறான போக்கு அதற்கு: சுமார் 1050 பாகையிலிருந்து நீரில் முக்கினால் கடினப்படாது, இளகும். பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் அரிமானம் காண்பது இவ்வகையின் பழைய தொல்லை. 450 முதல் 850 பாகை வரையிலான சூட்டில் தங்கும்போது குரோமிய கார்பைடு, எஃகின் படிக மணிகளுக்கு இடையிலான எல்லைகளில் படிவதே காரணம். டைட்டானியம் அல்லது நியோபியம் சேர்ப்பதும் கரியைக் குறைப்பதும் பின்னர் வந்த தீர்வுகள்.

இன்று வெற்றிட உலைகளும் ஹைட்ரஜன் சூழல் உலைகளும் பயன்படுகின்றன. சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து குளிர்நிலையில் உருட்டிய தகடுகளைத் தயாரித்து வருகிறது. உருட்டலில் இறுகும் இத்தகைய தகட்டை மீண்டும் சூடேற்றி இளக்கிய பிறகே குடமாகவோ தூக்குச்சட்டியாகவோ விரிசலின்றி அழுத்தி எடுக்கலாம்.