தலவாக்கலை உறுப்பினர் சி. வி.

சி. வி. வேலுப்பிள்ளை என்றதும் இலக்கிய நெஞ்சங்களுக்கு நினைவில் எழுவது ஆங்கிலத்தில் எழுதிய மலையகக் கவிஞரே. சக்தீ பாலையா தமிழாக்கிய ‘தேயிலைத் தோட்டத்திலே’ அத்தகைய புகழை அவருக்குத் தேடித் தந்தது. ஆனால் அவர் பாராளுமன்றத்திலும் அமர்ந்தவர் என்று வகுப்பிலே நான் சொல்லும்போது, லயன் காம்பிராக்களிலிருந்து கண்டிக்குப் படிக்க வரும் என் மாணவர் வியப்படைகின்றனர். எனவே இன்று கவிஞரைச் சற்றே ஒதுக்கிவிட்டு, மக்கள் பிரதிநிதியான சி. வி.யை நோக்குவோம்.

வட்டகொடையை அடுத்த மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி. வி. தோட்டத்தில் பிறந்தவர் என்றாலும் கொழுந்துக் கூடை சுமந்த குடும்பத்தவர் அல்லர். பெரிய கங்காணி பரம்பரையைச் சேர்ந்தவர். கங்காணி யார்? தமிழகத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்து, முற்பணக் கடனால் அவர்களைத் தோட்டத்தோடு பிணைத்தவர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்றவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கே அட்டனிலும் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி கிட்டியது. பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்தவரின் பிள்ளைக்கு அது எட்டாக் கனி. இதை மறைத்து அவரை ஏழைத் தொழிலாளியின் மகனாகக் காட்டுவது அவருக்குப் பெருமை சேர்க்காது. தமக்குக் கிடைத்த கல்வியை யாருக்காகச் செலவிட்டார் என்பதிலேயே அவரது பெருமை தங்கியுள்ளது.

அன்றைய சூழல் கொந்தளிப்பானது. 1939இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் உதயமாயிற்று. 1940 சனவரியில் கண்டிக்கு அண்மையிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். சங்கத்திற் சேர்வதற்கே துணிவு வேண்டியிருந்த அக்காலத்தில் சி. வி. தொழிற்சங்கப் பணியில் இறங்கினார்.

1947இல் நடைபெற்ற முதற் பாராளுமன்றத் தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் தொண்டமான், நாவலப்பிட்டியில் இராஜலிங்கம், தலவாக்கலையில் வேலுப்பிள்ளை. மலையக மக்கள் தம் பலத்தைத் தாமே கண்டுகொண்ட தேர்தல் அது. அந்தப் பலமே பிறர் கண்ணை உறுத்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949இன் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்காளர் இடாப்பிலிருந்து அவர்களை அகற்ற வழிசெய்தது. உறுப்பினர் சபையில் இருக்கையிலேயே அவரை அனுப்பியவர்களின் உரிமை பறிபோயிற்று. மக்கள் கைவிட்டதால் தோற்ற அரசியல்வாதிகள் பலருண்டு. வாக்களிக்கும் மக்களே இல்லாமற் செய்யப்பட்டதால் பதவி இழந்தோர் வெகு சிலரே.

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் இல்லை. அவ்வாண்டிலே நடந்த சத்தியாக்கிரகமும் சட்டத்தை மாற்றவில்லை. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைப் பற்றிப் பேசியது. அம்மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சி. வி. பின்னர் பாராளுமன்றம் புகவே இல்லை. எனினும் பொதுப்பணி ஓயவில்லை. 1965இல் தோன்றிய தொழிலாளர் தேசிய சங்கத்தில் வெள்ளையனுக்குத் துணைநின்றார். மறுபுறம் எழுதினார். ‘நாடற்றவர் கதை’, ‘வீடற்றவன்’ என்னும் தலைப்புகளே அவர் கண்ட துயரைக் கூறும். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களையும் தொகுத்து அச்சேற்றினார். இடாப்பில் பெயர் நீக்கப்பட்ட மக்களுக்கு ஏட்டில் இடமளித்த செயல் அது. அவருடைய எழுத்தையும் அரசியலையும் பிரித்துப் பார்க்க முடியாது என நான் கருதுவது இதனாலேயே.

மலையகத் தமிழர் ஒருவர் மீண்டும் மக்கள் வாக்கால் பாராளுமன்றம் செல்ல 1977 வரை, முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. சி. வி. மறைந்த ஆண்டு 1984. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது அவர் இல்லை. ஒருவரின் பொதுப்பணியைப் பதவியிலிருந்த ஆண்டுகளைக் கொண்டு அளப்பது வழக்கம். அவ்வாறு அளந்தால் சி. வி.யின் கணக்கு ஐந்தாண்டுகளே. பதவி போன பின்னும் யாரோடு நின்றார் என்று கேட்டால், அக்கணக்கு அவரது ஆயுள் முழுவதற்கும் நீளும்.