எல்லை மண்ணில் ஏற்றிய கொடி

யூபிலி என்பது பழைய ஏற்பாட்டுக் காலத்துச் சொல். ஐம்பதாம் ஆண்டு வந்ததும் எக்காளம் ஊதி, அடிமைப்பட்டோர் விடுதலை பெற்று, அவரவர் தம் முன்னோரின் காணிநிலத்துக்குத் திரும்ப வேண்டும் என்பது லேவியர் நூல் கூறும் சட்டமாகும். இந்த யூபிலி மலரைக் கையில் ஏந்தியிருக்கும் நம்முள் பலருக்கு இச்சட்டம் ஒரு கேள்வியை எழுப்பும். நம் காணிநிலம் எது? பிறந்த ஊரா, பிழைக்க வந்த ஊரா? ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வாழும் கத்தோலிக்கர்களாகிய நாம் இக்கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாது. இதற்கு விடை காண, நம் பகுதியின் திருச்சபை வரலாற்றையும் பாதுகாவலர் பக்தியையும் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

மாறி வந்த எல்லைகள்

பழைய சேலம் மாவட்டத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம். சேலத்தைச் சுற்றியது தாலகாட். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அடங்கியது பாராமகால். மைசூர் மேட்டு நிலத்தை ஒட்டிய ஓசூர் வட்டம் பாலகாட். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கும்பினியாரிடம் ஒப்படைத்தார். ஓசூரோ, 1799-இல் அவர் வீழ்ந்த பிறகே ஆங்கிலேயர் வசமாயிற்று.

அரசியலில் தோன்றிய இந்தப் பிரிவு திருச்சபையிலும் நெடுங்காலம் நிலைத்தது. கிருஷ்ணகிரி வட்டாரம் புதுச்சேரியைச் சார்ந்திருந்தது. ஓசூர் வட்டாரம் மைசூர் மறைமாவட்டத்தோடு இணைந்திருந்தது. 1930-ஆம் ஆண்டு சேலம் மறைமாவட்டம் உருவானபோதுதான் இவ்விரு வட்டாரங்களும் ஒரே ஆயரின் கீழ் வந்தன. பின்னர் 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் பிறந்தது. 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டமும், 2004-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிந்தன. ஓசூரை அடுத்த ஒரு பழைய கிறிஸ்தவக் குடும்பம் தன் வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலேயே மைசூர், சேலம், தருமபுரி என மூன்று மறைமாவட்டங்களுக்கு உரியதாகியிருக்கும். அத்தனை மாற்றங்களிலும் அக்குடும்பம் ஆண்டுதோறும் கூடிய இடம் தன் ஊர்ப் பாதுகாவலரின் கொடிமரத்தடியே.

வித்திட்டவர்கள்

1640-களின் இறுதியில் லெயோனார்தோ சின்னாமி என்னும் இத்தாலிய நாட்டு இயேசு சபைக் குரு, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மைசூர் மிஷனைத் தொடங்கினார். அந்நாளைய குருக்கள் சந்நியாசிகளைப் போல் உடுத்தி, நாட்டு மொழிகளைக் கற்று, ஊர் ஊராக நடந்தே மறையுரைத்தனர். 1773-இல் இயேசு சபை கலைக்கப்பட்டபோது மந்தை மேய்ப்பரின்றித் தவித்தது. அதன்பின் பாரீஸ் அந்நிய வேதபோதக சபைக் குருக்கள் இப்பொறுப்பை ஏற்றனர். அவர்களுள் துபுவா சுவாமியாரை மறக்க முடியாது. 1799-க்குப் பின் மைசூர்ச் சீமைக்கு வந்து, சிதறிக் கிடந்த கிறிஸ்தவர்களைத் தேடித் தேடி ஒன்றுசேர்த்தார். அம்மை நோய்க்குத் தடுப்பு ஊசி போடுவதில் முன்னின்று உழைத்தார். கன்னட மக்கள் அவரை "தொட்ட சுவாமியவரு" என்று அன்போடு அழைத்தனர்.

ஆனால் குருவானவர் ஒரு சிற்றூருக்கு வருவது ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோதான். எஞ்சிய நாட்களில் விசுவாசத்தைக் காத்தவர் யார்? மண்சுவர்க் கோவிலில் விளக்கேற்றி, மந்திரங்களைச் சொல்லிக்கொடுத்து, சாவுப் படுக்கையில் கிடந்தவரின் அருகிருந்து செபித்த உபதேசியார்களே. அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இந்த யூபிலி ஆண்டில் நம் நன்றியின் முதற்பங்கு அவர்களுக்கே உரியது.

பாதுகாவலர் வந்த வழி

ஓர் ஊருக்குப் பாதுகாவலர் அமைவதிலும் வரலாறு உண்டு. தருமபுரியை அடுத்த கோவிலூரில் புனித சவேரியார் பாதுகாவலராக விளங்குவது, இந்திய மண்ணில் மறைபரப்பிய முன்னோடியை நினைவூட்டுகிறது. தருமபுரி பேராலயம் இயேசுவின் திரு இருதயத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் புனித மார்கரீத் மரியா வழியாகப் பரவிய பக்தி அது. பிரெஞ்சுக் குருக்கள் சென்ற இடமெல்லாம் முதல் வெள்ளி பக்தியும் சென்றது. கிருஷ்ணகிரியில் பாத்திமா அன்னை போற்றப்படுகிறார். 1917-இல், முதல் உலகப்போர் நடுவே, போர்த்துக்கல் நாட்டில் மூன்று இடைச் சிறுவர்களுக்குக் காட்சி தந்து செபமாலை சொல்லக் கேட்ட தாய் அவர்.

மக்களின் கண்ணீரும் பக்தியை வளர்த்தது. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் மைசூர்ச் சீமையையும் வாட்டி வதைத்தது. அநாதையான பிள்ளைகளை மிஷனரிகள் எடுத்து வளர்த்தனர். 1898-இல் பெங்களூரைப் பிளேக் நோய் தாக்கியது. கொள்ளைநோய்க் காலங்களில் கிறிஸ்தவர்கள் புனித செபஸ்தியாரை நோக்கிக் கைகூப்புவது பழைய மரபு. வானம் பார்த்த கேழ்வரகுக் காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு, தமக்காகப் பரிந்து பேச விண்ணகத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை பெரிய ஆறுதலாயிருந்தது.

கொடியேற்றம், நவநாள், தேர்ப்பவனி, கொடிமரத்தடியில் உப்பும் மிளகும் காணிக்கை, விழா முடிவில் கூடி உண்ணும் விருந்து ஆகியவை வெறும் சடங்குகள் அல்ல. தேர் செல்லும் தெருவில் பிற சமயத்துச் சகோதரர்களும் மெழுகுவர்த்தியோடு நிற்கக் காண்கிறோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் பேசும் இந்த எல்லை மண்ணில், ஊரை ஒன்றாக நிறுத்தும் ஆற்றல் திருவிழாவுக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஆலைகளும் புதிய மக்களும்

1971-இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் ஓசூரில் தொழில் வளாகம் அமைத்தது. 1980-களில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன் போன்ற ஆலைகள் இங்கே இயங்கத் தொடங்கின. வேலை தேடி நெல்லை, குமரி, இராமநாதபுரம், தஞ்சை, திருச்சி என எல்லாச் சீமைகளிலிருந்தும் மக்கள் வந்தனர். வந்தவர்கள் தம் பெட்டியோடு தம் புனிதரையும் கொண்டு வந்தனர். ஒருவர் வீட்டில் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை, அடுத்த வீட்டில் உவரி அந்தோணியார், எதிர்வீட்டில் கோட்டாறு சவேரியார், மாடிவீட்டில் ஓரியூர் அருளானந்தர். பங்கின் பக்தி இதனால் செழித்தது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு குறையும் நேர்ந்தது. சொந்த ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பெடுத்து ஓடுகிறோம். தலைக்கட்டு வரியும் தவறாமல் அனுப்புகிறோம். இங்கே நம் பங்கின் கொடியேற்றத்தன்று "ஷிப்ட் இருக்கிறது" என்கிறோம். பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமும் புதுநன்மையும் கொடுத்த ஆலயத்தைச் சத்திரம் போல் எண்ணுவது முறையா? பரம்பரையாக இம்மண்ணில் வாழும் குடும்பங்களோ, திரளாக வந்தவர்களின் நடுவே தம் கோவிலில் தாமே விருந்தாளிகளானது போல் ஒதுங்கி நிற்பதும் உண்டு.

மொழியும் இதனோடு சேர்ந்தது. இலத்தீனில் பூசை நடந்த நாளில் எல்லாருக்கும் அது சமமாகவே புரியாதிருந்தது! 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்குக் கதவைத் திறந்தது. அது பெரும் வரம். ஆனால் பல தாய்மொழிகள் உள்ள எல்லையில், எவருடைய தாய்மொழி என்ற கேள்வியும் கூடவே வந்தது. அண்டையிலுள்ள பெங்களூரில் வழிபாட்டு மொழி பற்றி எழுந்த மனத்தாங்கல்களை நாம் அறிவோம். அதே பெங்களூர் சிவாஜி நகரில், செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் தேரைத் தமிழரும் கன்னடரும் தோளோடு தோள் நின்று சூழ்வதையும் அறிவோம். மொழி பிரித்த இடத்தில் அன்னை சேர்க்கிறார்.

கடல் கடந்த ஒரு சான்று

பாதுகாவலர் பக்தி ஒரு மக்களை எவ்வாறு தாங்கும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் நாட்டின் பம்பாங்கா மாநிலத்துக் கப்பம்பாங்கர் என்னும் மக்கள் நல்ல சான்று. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கே நிலக்கிழார்களுக்கும் உழவர்களுக்குமிடையே பகை மூண்டு இரத்தம் சிந்தியது. 1952-இல் ஆயர் செசார் கெர்ரேரோ ஒரு வழி கண்டார். மக்கள் போற்றும் ரெமேதியோஸ் மாதாவின் திருவுருவத்தை ஊர் ஊராக அனுப்பினார். அன்னையோடு ஒவ்வோர் ஊரும் தந்த அரிசியும் பொருள்களும் ஏழைகளுக்குச் சென்றன. 1956-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அவ்வன்னைக்கு முடிசூட்டப்பட்டது. நாம் ஆரோக்கிய அன்னையின் தேர் இழுக்கும் அதே நாள்!

1991-இல் அங்குள்ள பினத்துபோ எரிமலை வெடித்தது. 1995-இல் அதன் சேறு பெருக்கெடுத்து, பக்கோலோர் என்னும் ஊரின் புனித கில்லெர்மோ ஆலயத்தைப் பாதி உயரத்துக்கு மூடிவிட்டது. மக்கள் பாதுகாவலரைக் கைவிடவில்லை. புதைந்த பலிபீடத்தைத் தோண்டி எடுத்து உயர்த்தி வைத்தனர். பழைய சன்னல்களே வாசல்களாயின. தளம் உயர்ந்த அதே ஆலயத்தில் மீண்டும் பூசை நடந்தது. ஊர் புதைந்தாலும் பங்கு புதையவில்லை.

நம் கடமை

இன்று நம் ஆலயங்களின் கடைசி வரிசையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போமாக. மின்னணு ஆலைகளில் வேலை செய்ய ஜார்க்கண்ட், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்துள்ள இளம் பெண்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். அவர்களுள் கத்தோலிக்கரும் உண்டு. 1885-இல் சோட்டா நாகபுரியில் பணி தொடங்கிய கான்ஸ்தான்ட் லீவன்ஸ் அடிகளார் காலம் முதல் விசுவாசத்தில் வேரூன்றிய பழங்குடி மக்களின் பேத்திகள் அவர்கள். கர்தினால் தெலஸ்போர் டோப்போவைத் திருச்சபைக்குத் தந்த மண் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெற்றோர் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர். அவர்களை முன்வரிசைக்கு அழைப்பதும், நவநாளின் ஒரு நாளை அவர்களுக்கு ஒதுக்குவதும், செபமாலையின் ஒரு பத்து மணியை அவர்கள் மொழியில் சொல்லக் கேட்பதும் நம்மால் ஆகாத காரியமா? வரும் திருவிழாவில் தேரின் வடத்தை முதலில் இம்மண்ணின் பழைய குடும்பங்களும், அவர்களோடு புதிதாக வந்தவர்களும் சேர்ந்து பிடிக்கட்டும்.

லேவியர் நூலின் சட்டத்துக்கு இனி விடை கூறலாம். எந்தக் கொடிமரத்தடியில் நம் பிள்ளைகள் மண்டியிடக் கற்றார்களோ, எந்தக் கல்லறைத் தோட்டத்தில் நம்மவர் உறங்குகிறார்களோ, அதுவே நம் காணிநிலம். அங்கே திரும்புவதே யூபிலி. நம் பாதுகாவலர் நமக்காகப் பரிந்து பேசுவாராக. ஆமென்.