புரூக்ஸ் அடிமைக் கப்பல் படம்

ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக ஏற்றிச் சென்ற ஆங்கிலேயக் கப்பல் ஒன்றின் உட்புறத்தைக் காட்டும் அச்சுப்படம். 1788–89இல் பிளிமத் நகரிலும் பின்னர் லண்டனிலும் உருவாக்கப்பட்டது. அடிமை வணிக எதிர்ப்பு இயக்கம் கையாண்ட படங்களில் மிகப் புகழ்பெற்றது இதுவே.

தோற்றம்

புரூக்ஸ், லிவர்பூலைச் சேர்ந்த கப்பல், 1781இல் கட்டப்பட்டது. 1788இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டோல்பன் சட்டம், கப்பலின் கொள்ளளவைப் பொறுத்து எத்தனை அடிமைகளை ஏற்றலாம் என்று வரம்பு விதித்தது. நாடாளுமன்ற விசாரணைக்காக அரசு எடுத்த கப்பல் அளவுகளைக் கொண்டே பிளிமத் அடிமை வணிக ஒழிப்புக் குழு முதல் படத்தை வெளியிட்டது. ஒழிப்புப் போராளி தாமஸ் கிளார்க்சன் இடம்பெற்றிருந்த லண்டன் குழு 1789இல் அதை விரிவுபடுத்தியது.

அமைப்பு

லண்டன் படத்தில் 482 உருவங்கள் நெருக்கியடித்துப் படுத்திருக்கின்றன. ஓர் ஆணுக்கு 6 அடி நீளம், 1 அடி 4 அங்குல அகலம். ஒரு சிறுமிக்கு 1 அடி அகலம்தான். சட்டம் அனுமதித்தது 454 பேர். அச்சட்டத்துக்கு முந்தைய பயணமொன்றில் இதே கப்பல் 609 பேரை ஏற்றியது. சீர்திருத்தத்துக்குப் பின்னும் எஞ்சிய கொடுமையை அரசின் அளவுகளைக் கொண்டே காட்டியதால், வணிகர்களால் இதை மிகையென்று எளிதில் தள்ள முடியவில்லை.

பரவல்

1789இல் பிலடெல்பியாவிலும் படம் அச்சாயிற்று. அதே ஆண்டு கிளார்க்சன் அதைப் பாரிசுக்குக் கொண்டுசென்றார். அங்கே பிரெஞ்சு அரசியல்வாதி மிராபோ கப்பலின் மர மாதிரியைச் செய்வித்தார். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒழிப்புக்காக வாதாடிய வில்பர்ஃபோர்ஸ் பயன்படுத்திய மற்றொரு மாதிரி இன்று ஹல் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது. நெடிய போராட்டத்துக்குப் பின், 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடைசெய்தது. தன் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல்தான் வந்தது.

மதிப்பீடு

படத்திலுள்ளவர்களுக்குத் தனி முகம் இல்லை, பெயர் இல்லை. அவர்கள் எதிர்த்துப் போராடியதன் சுவடும் இல்லை. இரக்கத்தைத் தூண்டிய படமே அவர்களைச் சரக்கைப்போல் அடுக்கிக் காட்டியது என்பது இதன்மீதான முக்கிய விமர்சனம். 1789இல் வெளியான ஒலாடா இக்வியானோவின் தன்வரலாறு அடிமைப்பட்டவரின் சொந்தக் குரலை வாசகர்முன் வைத்தது. பிற்காலத்தில் பெனின் நாட்டுக் கலைஞர் ரொமுவால்ட் அசூமே, பெட்ரோல் கேன்களால் செய்த 304 முகமூடிகளை இதே கப்பல் வடிவில் அடுக்கினார். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் வாங்கிய அப்படைப்பில் ஒவ்வொரு முகமும் வேறுவேறு. புரூக்ஸ் படம் மனசாட்சியை உலுக்கியது உண்மை. ஆனால் அடிமைப்பட்டவர்களின் வரலாற்றை அறிய அவர்களின் சொந்தச் சொல்லையும் சேர்த்தே படிக்க வேண்டும்.