சீட்டு எழுதினானா?

குமணன்சாவடியில், குன்றத்தூர் ரோடு பிரிகிற முனையில் எங்க நைனா மீன்பாடி வண்டி வச்சிருந்தார். 1998இல் ஒரு ராத்திரி, திருட்டுச் சாமான் ஏத்துன வண்டின்னு சொல்லி போலீஸ் அதை எடுத்துக்கொண்டு போனது. வழக்கு இல்லை, காகிதம் இல்லை. நாலு மாசம் நைனா ஸ்டேஷனுக்கு நடந்தார். "ஐயா, வண்டி..." "அப்புறமா வாய்யா." வண்டி திரும்பி வந்தபோது சங்கிலியும் இல்லை, பின்சக்கரமும் இல்லை. ஆயா ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது: "எடுத்தவன் சீட்டு எழுதிக் குடுத்தானாடா?"

கைநாட்டு ஆயாவின் கேள்விதான் சட்டத்தின் கேள்வியும். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆம் பிரிவு, சந்தேகப்பட்ட பொருளை எடுக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்தது. உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. வீடு புகுந்து சோதனை போட்டால் அக்கம்பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் சாட்சி வேண்டும், எடுத்ததைப் பட்டியல் போட வேண்டும், வீட்டுக்காரருக்கு நகல் தர வேண்டும் என்றது 100ஆம் பிரிவு. இந்தப் பட்டியல்தான் மகஜர். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் இவை 106, 103ஆம் பிரிவுகள். சோதனையையும் கைப்பற்றலையும் வீடியோ எடுக்கணும் என்கிறது 105ஆம் பிரிவு. போலீஸ் காவலில் இருந்த பொருள் தொலைந்தால் அதன் மதிப்பை அரசு தரவேண்டும் என்று 1977லேயே உச்சநீதிமன்றம் ஒரு கர்நாடக வழக்கில் சொல்லிவிட்டது.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? 1950இல் சொத்துரிமை அடிப்படை உரிமை. நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்து ஜமீன்தார்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 44ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. 1979 ஜூன் 20 முதல் அது 300-ஏ பிரிவு. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் யாருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது என்று அது இன்றைக்கும் சொல்கிறது. யாருடைய சொத்தையும் என்றால் மீன்பாடி வண்டியும் அதில் சேர்த்திதான்.

ஆனால் நம்மிடம் சொத்து இருப்பதையே குற்றமாகப் பார்க்கிற பழக்கம் சட்டத்துக்கு முந்தியது. சூத்திரன் செல்வம் சேர்க்கக்கூடாது என்றது மனுஸ்மிருதி. 1927 டிசம்பர் 25இல் மகாத்தில் அம்பேத்கர் அதை எரித்தார். அதற்கு மூணு வருஷம் கழித்து, 1930இல், ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர்கள்மேல் ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடை போட்டார்கள்: பொன், வெள்ளி நகை கூடாது, மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது, குடை, செருப்பு கூடாது. மறு வருஷம் தடை பதினொன்றாச்சு. சொந்த நிலத்தை மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு வித்துடணும் என்பதும் அதிலே ஒண்ணு.

அறுபத்தைந்து வருஷம் கழித்து, 1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடிப் பக்கம் கொடியன்குளம். கொலை வழக்கில் ஆளைத் தேடுகிறோம் என்று சுமார் 600 போலீசார் பட்டப்பகலில் நுழைந்தார்கள். வளைகுடாவில் உழைத்து வந்த காசில் தலைநிமிர்ந்த தலித் கிராமம் அது. டி.வி., ஃபேன், டேப்ரிக்கார்டர், தையல் மெஷின், சைக்கிள், டிராக்டர் எல்லாம் நொறுங்கின. தானியம் பாழானது. பாஸ்போர்ட்டும் படிப்புச் சான்றிதழும் எரிந்தன. குடிக்கிற கிணறும் கெட்டது. ஆளைத் தேடி வந்தவர்களுக்குத் தையல் மெஷின் என்ன செய்தது? 1930இல் ஊர்க்காரன் போட்ட தடையை 1995இல் காக்கிச்சட்டை நிறைவேற்றியது. முன்னே வெண்கலப் பாத்திரம், இப்போ டி.வி. பாஸ்போர்ட்டை எரிப்பது இனி சம்பாதிக்கப் போவதையும் சேர்த்து எரிப்பதுதான்.

இதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று சொல்கிறவர்களுக்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20இல் வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் புகுந்தார்கள். 18 பெண்களை வன்கொடுமை செய்தார்கள். வீடு, தானியம், ஆடு மாடு எல்லாம் நாசம். 19 வருஷம் அந்தச் சனம் கோர்ட்டுக்கு நடந்தது. 2011இல் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பர் 29இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

நைனா கேஸ் போடவில்லை. அவரிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இன்றைக்கு எங்க தெருப் பிள்ளைகளிடம் சொல்கிறேன்: வண்டியோ, செல்போனோ, எதை எடுத்தாலும் மகஜர் நகல் கேளு. தரலைன்னா, எடுத்த தேதி, நேரம், ஆள், சாட்சி எல்லாத்தையும் அன்னைக்கே எழுதி மாஜிஸ்திரேட்டுக்குப் பதிவுத்தபாலில் அனுப்பு. அவன் எழுதாத சீட்டை நாம எழுதணும்.