கேட்டது ஒரு துறை, கிடைத்தது வேறு துறை: மாணவர்கள் அடுத்து என்ன செய்யலாம்?

பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கை முடிவுகள் வெளியாகும் நாளில் நம் வீடுகளில் இரண்டு வகை ஏமாற்றங்களைப் பார்க்கலாம். ஒன்று, இடமே கிடைக்காதது. மற்றொன்று, இடம் கிடைத்தும் அது கேட்ட துறையாக இல்லாதது. மருத்துவம் கேட்டவருக்கு உயிரியல் கிடைக்கிறது. கணக்கியல் கேட்டவருக்கு நிர்வாகம் கிடைக்கிறது. இந்த இரண்டாம் வகையினரில் சிலர் கோபத்தில் கிடைத்த இடத்தையும் விட்டுவிடுகிறார்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்கு அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

இடம் எப்படி ஒதுக்கப்படுகிறது?

நாட்டில் 20 பொதுப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றுக்கான இளங்கலைப் பட்டப்படிப்பு விண்ணப்பங்களை உயர்கல்வி அமைச்சின் யுபியு பிரிவு இணையம் வழி பெறுகிறது. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் மாணவர்களின் தகுதிப் புள்ளியில் கல்வித் தேர்ச்சிக்கு 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கைக்கு 10 விழுக்காடு.

ஓர் எடுத்துக்காட்டு: 4.00 பெற்ற மாணவருக்குப் புறப்பாடத்தில் 5 புள்ளி என்றால் மொத்தம் 95. தேர்வில் 3.92 பெற்று, புறப்பாடத்தில் 9 புள்ளி எடுத்தவருக்கு மொத்தம் 97.2. இங்கே முழுத் தேர்ச்சி பெற்றவர்தான் பின்தங்குகிறார். மருத்துவம், ஆசிரியர் கல்வி போன்ற துறைகளில் நேர்முகத் தேர்வும் சேர்ந்துகொள்ளும். கேட்ட துறைகள் நிரம்பிவிட்டால், தகுதி பொருந்தி, காலியிடமும் உள்ள வேறு துறை வழங்கப்படலாம்.

புள்ளி முறை 2002ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 2004இல் எஸ்டிபிஎம் தேர்வில் 4.00 பெற்ற 128 மாணவர்களுக்கு முதலில் மருத்துவ இடம் கிடைக்காமல் போனது நாடு முழுவதும் விவாதமானது. எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் என்ற இரு வேறு தேர்வுகளை ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமா என்ற கேள்வி நம் சமூகத்தில் இன்றும் எழுகிறது. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குப் பதில் வரும்வரை இவ்வாண்டு மாணவர் காத்திருக்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியவை

1. கிடைத்த இடத்தை, குறித்த நாளுக்குள் இணையத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டை நம்பி அதைக் கைவிட வேண்டாம்.

2. மேல்முறையீட்டுக்கான காலம் மிகக் குறுகியது. அவ்வாண்டுக்கான நிபந்தனைகளை முழுமையாகப் படியுங்கள். பிறர் ஏற்காமல் விட்ட இடங்களே பெரும்பாலும் மீண்டும் நிரப்பப்படும் என்பதால், கடும் போட்டியுள்ள ஒரே துறையை மட்டும் மீண்டும் கேட்பதில் பயன் குறைவு.

3. சேர்ந்த பிறகு துறை மாற முடியுமா என்று பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். முதல் பருவங்களின் தேர்ச்சியும் காலியிடமும் பார்த்தே முடிவு செய்வார்கள். பிடிபிடிஎன் கடன் பெற்றிருந்தால், மாறும் முன் அங்கும் விசாரிக்க வேண்டும்.

பட்டத்தின் பெயரைக் கவனியுங்கள்

பொறியியல் கேட்டவருக்குப் பொறியியல் தொழில்நுட்பம் கிடைத்தால், இரண்டும் ஒன்றே என்று எண்ண வேண்டாம். முழுப் பொறியியலாளராகப் பதிவு பெற மலேசியப் பொறியியலாளர் வாரியம் ஏற்ற பொறியியல் பட்டம் தேவை. தொழில்நுட்பப் பட்டதாரிகள் தொழில்நுட்பவியலாளர்களாகப் பதிவு பெறும் வழி தனி. அது தாழ்ந்த வழியல்ல. ஆனால் வேறு வழி. உளவியல் படித்தவர் ஆலோசகராகிவிட முடியாது. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் தகுதியும் பதிவும் வேண்டும்.

மாறாக, சில தொழில்களுக்குப் பக்கவாசல் திறந்தே இருக்கிறது. பொருளியல் படித்தவர் ஏசிசிஏ தேர்வுகளை முடித்து, உரிய அனுபவத்துடன் கணக்காளராகலாம். வேறு பட்டம் முடித்தவரும் பின்னர் சட்டம் படித்து, வழக்கறிஞராவதற்கான சிஎல்பி தேர்வை எழுதலாம். ஆண்டுகள் கூடும்; கதவு மூடாது.

தனியார் கல்லூரிக்கு மாற நினைப்போர், அத்துறை மலேசியத் தகுதி நிர்ணய நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதா என்பதை முதலில் பாருங்கள். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்காமல், படிப்பு முடியும்வரை ஆகும் மொத்தச் செலவைக் கேளுங்கள்.

பெற்றோருக்கு

கிடைத்த துறையை உறவினர் முன் குறைத்துப் பேசாதீர்கள். அந்தத் துறையில் மூன்று, நான்கு ஆண்டுகள் உட்காரப் போவது பிள்ளைதான். "இதைப் படித்தால் என்ன வேலை?" என்பதைக் கேலியாகக் கேட்காமல், அத்துறையில் படித்து முடித்த ஒருவரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று உண்மையாகவே கேளுங்கள். பதில் திருப்தியளிக்கவில்லை என்றால், மாறுவதைப் பற்றி அப்போது பேசலாம்.

அடுத்த ஆண்டு விண்ணப்பிக்கும் மாணவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: தேர்வுப் பட்டியலில் ஒரு வரியைக்கூடக் காலியாக விடாதீர்கள். கடைசி வரியிலும் நீங்கள் மனமொப்பிப் படிக்கக்கூடிய துறையையே எழுதுங்கள். அந்த வரியே உங்களுக்குக் கிடைக்கலாம்.