பித்தளை வாத்தியங்களும் இளந்தலைமுறையும்

ஒரு கலை தேய்கின்றது என்னுங் கூற்று எழும்போதெல்லாம் அதற்குரிய பழி முதலில் இளைஞர்மீதே சுமத்தப்படுகின்றது. அவர்க்குப் பொறுமை இல்லை, நெடுங்காலப் பயிற்சியில் நாட்டமில்லை, எளிதில் வருவதையே நாடுகின்றனர் என்பன மூத்தோர் வழமையாகக் கூறுங் காரணங்கள். இங்கிலாந்திற் பித்தளை வாத்தியங்களைப் பயிலும் இளைஞர் அருகி வருகின்றனரா என்னும் வினாவுக்கும் பலர் இத்தகைய விடையையே கூறுவர். அவ்விடை பொருந்துமா என்பதை ஆராய்வதற்கு அந்நாட்டுத் தொழிலாளர் வாத்தியக் குழுக்களின் வரலாறு பெரிதும் உதவும். ஏனெனில், சுரங்கத்திலும் நெசவாலையிலும் உழைத்த எளிய மக்கள், ஊதியம் எதனையும் எதிர்பாராது, உயர்ந்த இசையைத் தம் கைகளாற் படைத்தமைக்கு அதனினுஞ் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

முதற்கண் வாத்தியத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பித்தளைக் குழாயில் ஒலியை எழுப்புவது ஊதுவோனின் உதடுகளின் அதிர்வாகும். பழைய காலத்து ஊதுகொம்பிலும் துரம்பெற்றிலும் இயற்கையாய் அமைந்த சில சுரங்களை மாத்திரமே பெறமுடிந்தது. 1818 ஆம் ஆண்டிற் பேர்லின் நகரில் ஸ்ரோல்செல், புளூமெல் என்னும் இருவர் வால்வுப் பொறிக்கு உரிமைப்பத்திரம் பெற்றனர். வால்வை விரலால் அழுத்தக் குழாயின் நீளம் கூடும், சுரம் இறங்கும். மூன்று வால்வுகள் அமைந்தபோது எல்லாச் சுரங்களும் மூன்று விரல்களுக்குள் அடங்கின. பெல்ஜியம் நாட்டவரான அடொல்ப் சாக்ஸ் என்பார் 1840களிற் பாரிஸ் நகரில் இருந்துகொண்டு, உயர்ந்த சுருதி முதல் தாழ்ந்த சுருதி வரை ஒரே வடிவமைப்பையுடைய சாக்ஸ்கோர்ன் என்னும் வாத்தியக் குடும்பத்தை உருவாக்கினார். 1844 இல் அவரைச் சந்தித்த டிஸ்ரின் என்னும் ஆங்கிலேயக் குடும்பத்தார் அவ்வாத்தியங்களைப் பிரித்தானியா எங்கும் வாசித்துக் காட்டிப் பரப்பினர்.

இப்புதுமையின் சமூகப் பயன் பெரிது. துரொம்போன் நீங்கலாகக் குழுவிலுள்ள ஏனைய வாத்தியங்கள் அனைத்துக்கும் விரலிடும் முறை ஒன்றே. சுரங்களை எழுதும் முறையும் பெரும்பாலும் ஒன்றே. கோர்னெற் பயின்ற ஒருவன், குழுவின் தேவை கருதி, சில கிழமைகளில் யூபோனியத்துக்கோ பாஸ் வாத்தியத்துக்கோ மாறக்கூடியவனானான். நாள் முழுதும் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கு வயலினின் நுண்ணிய விரலாட்சி எளிதில் வாய்க்காது. மூன்று வால்வுகளை அழுத்துவதோ இயலும். பித்தளை, திறந்த வெளியிலும் ஈரக்காற்றிலும் பழுதுறாது ஒலிக்கும். ஆகவே தொழிலாளர் இவ்வாத்தியங்களைத் தெரிந்தமை தற்செயலன்று.

ஆயினும், ஒரு குழுவுக்கு இருபத்தைந்து வாத்தியங்கள் வரை வேண்டும். கிழமைக் கூலி பெறுந் தொழிலாளி ஒருவன் தனித்து அவற்றுள் ஒன்றையேனும் வாங்கல் அரிது. அச்செலவை யார் தாங்கினர் என்பதே இவ்வரலாற்றின் மையமான வினா. சில இடங்களில் ஆலை முதலாளிகள் தாங்கினர். யோக்சயரில், பின்னர் குயின்ஸ்பெரி எனப் பெயர் பெற்ற ஊரில், பிளாக் டைக் நெசவாலையின் உரிமையாளரான ஜோன் பொஸ்ரர் 1855 இல் ஊர்க்குழுவை ஆலைக்குழுவாக்கி, வாத்தியங்களும் சீருடையும் பயிற்சிக்கு ஆசிரியரும் அளித்தார். அவர்தாமும் இளமையில் அவ்வூர்க் குழுவிற் கொம்பு வாசித்தவர். வேறிடங்களில் ஊரார் சந்தா சேர்த்தும் தவணை முறையிற் பணம் செலுத்தியும் வாத்தியங்களை வாங்கினர். சுரங்கத் தொழிலாளர் தம் சம்பளத்திற் சிறு தொகையைக் கிழமைதோறும் குழுவின்பொருட்டு விட்டுக்கொடுத்தனர். சமயத் துறையில் இரட்சணிய சேனை இப்பணியைச் செய்தது. 1878 இற் சோல்ஸ்பெரி நகரில் ஒரு தந்தையும் அவர்தம் மூன்று மைந்தரும் தொடங்கி வைத்த வாத்திய ஊழியம் விரைவில் அவ்வியக்கத்தின் அடையாளமாயிற்று. இவ்விடங்கள் அனைத்திலும் பொதுவாயமைந்த உண்மை ஒன்றுண்டு: வாத்தியம் தனியொருவனின் உடைமையன்று, குழுவின் உடைமையே.

போட்டிகள் இக்குழுக்களுக்கு ஊக்கமளித்தன. 1853 இல் மான்செஸ்ரர் நகரின் பெல் வியூ பூங்காவில் நடைபெற்ற போட்டியில் எட்டுக் குழுக்கள் பங்குபற்றின. ஏறத்தாழ 16,000 பேர் கேட்க வந்தனர் என்பர். 1860 இல் எண்டர்பி ஜாக்சன் என்பார் இலண்டன் பளிங்கு மாளிகையிற் பெரும் போட்டியொன்றை நடாத்தினார். குறைந்த கட்டணத்திற் புகைவண்டிகளை ஒழுங்கு செய்து, வடநாட்டுத் தொழிலாளரைத் தலைநகருக்கு அழைத்து வந்தமை அவரது திறமையாகும். அன்று தேசியப் போட்டியாக அமைந்த அதில் முதலிடம் பெற்றது பிளாக் டைக் குழுவே.

இக்குழுக்களில் இளைஞர் பயின்ற முறை நம் கவனத்துக்குரியது. ஊரின் வாத்திய அறையில் மூத்தோர் கூடும் மாலைகளில், தந்தையுடனோ மாமனுடனோ சிறுவனும் செல்வான். பழைய கோர்னெற் ஒன்று அவன் கையிற் கொடுக்கப்படும். மூன்றாம் கோர்னெற் வரிசையின் கடைசி இருக்கையில் அவன் அமர்வான். பக்கத்தில் இருப்பவனைக் கேட்டும் பார்த்தும் கற்பான். திறமை வளர வளர இருக்கை முன்னேறும். கட்டணம் கேட்பார் இல்லை. பித்தளை வாத்தியத்துக்கு இம்முறை மிகப் பொருந்துவதாகும். உதட்டுத் தசைகள் உறுதிபெற மாதங்கள் செல்லும். முதலாண்டில் எழும் ஒலி இனிமையாயிராது. அயல் வீடுகளும் பொறா. தனியே இருந்து பயில்வோன் இக்கட்டத்தில் மனந்தளர்வான். குழுவில் இருப்பவனோ, தன் பிழையான ஒலி பிறர் ஒலியில் மறைந்து, ஒரு பேரிசையின் உறுப்பாய்த் தான் இருத்தலை உணர்வான்.

தேய்வு பற்றிய முறைப்பாடு புதியதன்று. 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த உலகப்போரில் இளம் வாத்தியகாரர் பலர் போர்க்களஞ் சென்றனர், மீளாதோர் பலர். 1920களிலும் 1930களிலும் வானொலி, கிராமபோன், திரைப்படம் என்பன வந்தமையால் ஊர்க்குழுக்கள் அழியும் என அஞ்சப்பட்டது. எனினும் அவை அழியவில்லை. 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரியின் தொன்னொன்றுக்கு ஒரு பென்னி வீதம் திரட்டப்பட்ட நிதியிலிருந்து சுரங்க ஊர்களிற் பொதுநல மண்டபங்கள் எழுந்தன; வாத்தியக் குழுக்கள் பல அவற்றில் இடம்பெற்றன. கலைத்தரமும் தாழவில்லை. தேசியப் போட்டியின் பொருட்டு, 1928 இல் கொல்ஸ்ற் என்பாரும் 1930 இல் எல்கார் என்பாரும் பித்தளைக் குழுவுக்கென்றே இசை இயற்றினர். நாட்டின் முதன்மை வாய்ந்த இசைப்புலவர் இருவர் சுரங்கத் தொழிலாளர்க்கென எழுதியமை சிறிய செய்தியன்று. 1947 இற் சுரங்கங்கள் அரசுடைமையாயின. அதன்பின்னும் சுரங்கக் குழுக்கள் தொடர்ந்து இயங்கின.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் மற்றொரு தாங்குகோல் கிடைத்தது. 1944 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழி வலுப்பெற்ற உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகள், பாடசாலை பாடசாலையாகச் சென்று வாத்தியங் கற்பிக்கும் ஆசிரியரைக் காலப்போக்கில் நியமித்தன. வாத்தியங்களை வாங்கி மாணவர்க்கு இரவலாக வழங்கின. 1950களின் தொடக்கத்தில் டெனிஸ் றைற் என்பாரின் முயற்சியாற் பிரித்தானியத் தேசிய இளைஞர் பித்தளை வாத்தியக் குழு தோன்றியது. ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட இத்துறையிற் பெண்களும் புகுந்தனர். 1940களிற் கோர்னெற் வாசிப்பிற் பெரும்புகழ் ஈட்டிய கிறேசி கோல் என்னும் இளம்பெண் இதற்கு முன்னோடியாவார். பாடசாலையின் கதவு ஆண் பெண் இருபாலார்க்குந் திறந்திருந்தமையால், வாத்திய அறை தடுத்திருந்த பாதிச் சமுதாயமும் இக்கலையை அடையலாயிற்று.

1980களின் நடுப்பகுதியிலிருந்து ஒரு தசாப்தத்துள் இவ்விரு தாங்குகோல்களும் ஒருங்கே தளர்ந்தன. 1984 மார்ச் முதல் 1985 மார்ச் வரை நடைபெற்ற சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 1988 ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பாடசாலை நிதியைக் கல்வி அதிகாரசபைகளிடமிருந்து பாடசாலைகளின் கைக்கு மாற்றியது. தனியாகவோ சிறு குழுவாகவோ கற்பிக்கப்படும் வாத்தியப் பயிற்சிக்குக் கட்டணம் அறவிடவும் இடமளித்தது. பல பாடசாலைகளுக்குச் சென்ற ஆசிரியரின் சேவையைப் பொதுவில் நடாத்துதல் இதனாற் கடினமாயிற்று. சில பகுதிகளில் அச்சேவை பெரிதுஞ் சுருங்கியது.

கிறைம்தோர்ப் என்னும் யோக்சயர்ச் சுரங்க ஊரின் கதை இக்காலத்தின் அவலத்தை நன்கு காட்டும். 1917 இல் தோன்றிய அவ்வூர்க் குழு உலகப் புகழ் பெற்றது. 1992 ஒக்ரோபர் 13 ஆந் திகதி, 31 சுரங்கங்களை மூடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. அவற்றுள் கிறைம்தோர்ப்பும் ஒன்று. அறிவித்தல் வெளியான சில நாட்களுள் இலண்டன் றோயல் அல்பேட் மண்டபத்தில் நடைபெற்ற தேசியப் போட்டியில் அக்குழுவே முதலிடம் பெற்றது. மறு ஆண்டு மே மாதத்திற் சுரங்கம் மூடப்பட்டது. 1996 இல் வெளிவந்த ‘பிராஸ்ட் ஓவ்’ என்னுந் திரைப்படம் இந்நிகழ்ச்சிகளைத் தழுவியது; அதில் ஒலிக்கும் இசை அக்குழுவினருடையதே. சுரங்கம் போன பின்னும் குழு நிலைத்தது. ஆனால், நிலைத்த குழுவுக்கும் அது தோன்றிய ஊருக்கும் இடையிலுள்ள உறவு மாறிற்று. முன்னர் வாத்தியகாரரை ஊரே தந்தது. பின்னர் அவர் தொலைவிடங்களிலிருந்தும் வந்து சேர்ந்தனர். புகழ்பெற்ற குழு திறமையுடையோரைத் தன்பால் ஈர்த்து வாழும். புகழ் இல்லாத சிறு குழுவோ தன்னூர்ச் சிறுவரை நம்பியே வாழ்வது. 2015 டிசெம்பரிற் கெலிங்லிச் சுரங்கம் மூடப்பட்டதோடு பிரித்தானியாவில் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழில் முடிவுற்றது.

இவற்றின் விளைவு எல்லா வாத்தியங்களுக்கும் ஒரே அளவினதன்று. துரம்பெற், கோர்னெற் என்பன சிறியன. ஒப்பளவில் விலை குறைந்தன. அவற்றைப் பயில்வார் இன்றும் உளர். பிரெஞ்சுக் கொம்பு, துரொம்போன், ரியூபா என்பனவே அருகி வரும் வாத்தியங்களென இசையாசிரியராற் கவலையோடு குறிப்பிடப்படுகின்றன. தன் பிள்ளைக்கு ரியூபா வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் எத்தனை பேர்? அத்தகைய வாத்தியங்கள் பொது உடைமையாக இருந்த காலத்திலேயே எளியோர் பிள்ளைகளின் கைக்கு எட்டின.

கிற்றார், மின்விசைப்பலகை, கணினி என்பவற்றால் இளைஞர் கவரப்பட்டனர் என்னும் வாதத்தையும் ஒதுக்கிவிடல் முறையன்று. அவ்வீர்ப்பு உண்மையே. ஆயின், அவை வீட்டில் தனித்திருந்து பயிலத்தக்கன; அதிக செலவின்றிப் பெறத்தக்கன; கூட்டத்தை வேண்டாதன. கூடிக் கற்கும் இடங்கள் குறையுங் காலத்தில், தனித்துப் பயிலத்தக்க வாத்தியங்கள் பெருகுதல் இயல்பே. ஆகவே புதிய வாத்தியங்களின் எழுச்சியிற் பெரும்பகுதி, பழைய இடங்கள் குறைந்தமையின் விளைவெனக் கொள்ளல் தகும். வானொலியும் திரைப்படமும் வந்தபோது அழியாத குழுக்கள், வாத்திய அறை மூடப்பட்டபோதே அழிந்தன.

இக்கருத்துக்குச் சான்று அண்மை வரலாற்றிலும் உண்டு. 2000களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் முழு வகுப்புக்கும் வாத்தியங் கற்பிக்குந் திட்டம் புகுத்தப்பட்டது. 2010களிற் பிளாஸ்ரிக்கினாற் செய்யப்பட்ட மலிவான துரொம்போன்கள் வந்து அதற்குத் துணைபுரிந்தன. சிறுவர் ஆர்வத்தோடு ஊதினர். ஆனால் பல இடங்களில் அத்திட்டம் ஓராண்டளவிலோ அதற்குள்ளோ முடிவுற, மேலும் பயில விரும்பியோர் கட்டணஞ் செலுத்தவேண்டியவராயினர். பலர் அவ்விடத்தில் நின்றுவிட்டனர். ஸ்கொத்லாந்திலோ 2021 இல் அரசாங்கப் பாடசாலைகளில் வாத்தியப் பயிற்சிக்கான கட்டணம் நீக்கப்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் வாத்தியம் பயிலும் மாணவர் தொகை உயர்ந்தது. 2020 இற் பரவிய பெருந்தொற்றின்போது குழுக்கள் மௌனமுற்றிருந்தமையால், அவ்வுயர்வின் ஒரு பகுதி இழந்ததை மீளப்பெற்றமையே எனலாம். அவ்வுயர்வு பித்தளை வாத்தியங்களுக்கு மாத்திரம் உரியதுமன்று. எனினும், கதவு திறக்கப்பட்டவுடன் சிறுவர் உள்ளே வந்தனர் என்பதில் ஐயமில்லை.

ஆகவே, பித்தளை வாத்தியம் பயிலும் இளைஞர் குறைந்தனரா என்னும் வினாவுக்கு, பல ஊர்களிற் குறைந்தனர் என்பதே விடை. அக்குறைவுக்குக் காரணம் இளைஞரின் மனம் மாறியமை என்பதற்கு வரலாறு சான்று பகரவில்லை. ஆலையும் சுரங்கமும் ஊரும் பாடசாலையும் மாறி மாறிச் சுமந்த ஒரு சுமை, ஈற்றில் தனித்தனிக் குடும்பங்களின் தோளில் இறக்கப்பட்டது. சுமக்க இயன்ற குடும்பத்துப் பிள்ளைகள் பயில்கின்றனர், இயலாதார் பிள்ளைகள் விலகினர். இந்நிலை நீடிப்பின், பித்தளை வாத்தியங்கள் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அவற்றைத் தமக்கென ஆக்கிய தொழிலாளரின் வழித்தோன்றல்கள் மாத்திரம் அவற்றை ஊதுவோராய் இரார். கலையொன்றைப் பேண விழைவோர் ‘இளைஞர் ஏன் வருகின்றிலர்?’ என வினாவுமுன், முற்காலத்து இளைஞனிடம் வாத்தியத்தைக் கொடுத்தவர் யாவர், இன்று அதனைக் கொடுப்பவர் யாவர் என்று வினாவுதல் வேண்டும்.