இருபது டாலர் பாட்டி – 4: யாரந்த ஜேம்ஸ்?

சென்ற வாரம் மேரி ரைபியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிறுத்திவிட்டு வந்தோம். சிட்னி, 1828. குடியேற்றத்துக்கு எந்த ஆண்டு வந்தீர்கள், கைதியாகவா, சொந்த விருப்பத்திலா என்று ஒவ்வொருவரும் சொல்லியாக வேண்டும். மேரி கொடுத்த பதில்: 1821-ல் வந்தேன், கைதியாக அல்ல.

சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்? கப்பல் வணிகம் நடத்திய பணக்கார விதவை. 1817-ல் நியூ சவுத் வேல்ஸ் வங்கி முதன்முதலில் இயங்கத் தொடங்கியதே மாக்குவாரி பிளேஸில் இருந்த அவருடைய வீட்டில்தான். இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் தாளில் இருப்பதும் அவர் முகமே.

இத்தனைக்கும் அவர் சொன்னதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. 1820-ல் மகள்கள் இருவரோடு இங்கிலாந்துக்குப் போனவர், மறு ஆண்டு யாருடைய காவலும் இல்லாமல்தான் திரும்பினார். இரண்டாவது வருகையைச் சொல்லி முதல் வருகையை விழுங்கிவிட்டார். கைதேர்ந்த வக்கீலுக்கும் இது வராது! கைதி வழி வந்தவர்கள் என்றால் முகம் சுளிக்கும் ஊரில், பிள்ளைகளைக் கரைசேர்க்க வேறு வழியும் இல்லை. பின்னாளில் பேரன் ஒருவர் டாஸ்மேனியாவின் பிரதமராகவே ஆனார்.

ஆனால், வம்சாவளி தேடுகிறவர்களிடம் திருமணப் பதிவு சிக்கியதே! 1794 செப்டம்பர் 7, மாப்பிள்ளை தாமஸ் ரைபி. கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கல்கத்தாவின் எண்டாலி பகுதியின் பெயரைச் சிட்னியில் தன் வீட்டுக்கே வைத்த மனிதர். 1811-ல் அவர் இறந்தபோது மேரியின் கையில் ஏழு பிள்ளைகள். 1821-ல் வந்திறங்கிய பெண்ணுக்கு இதெல்லாம் எப்படி நடந்திருக்கும்?

இன்னும் பின்னால் போனால் ஒரு கடிதம். இங்கிலாந்தில் இருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு மேரி எழுதியது. சிட்னி நூலகத்தில் இன்றும் இருக்கிறது. தேதி 1792 அக்டோபர் 8. எழுதிய இடம் 'ராயல் அட்மிரல்' கப்பல். அது கைதிகளை ஏற்றி வந்த கப்பல். அப்போது மேரிக்கு வயது 15.

பதினைந்து வயதுப் பெண் என்ன குற்றம் செய்திருப்பாள்? விடை ஸ்டாஃபோர்டு நீதிமன்றத்தில் இருந்தது. 1791, குதிரைத் திருட்டு, ஏழாண்டு நாடுகடத்தல்.

ஆனால் அந்த வழக்கில் மேரி என்ற பெயரே இல்லை. குதிரையோடு பிடிபட்டுக் கூண்டில் ஏறியது ஒரு பையன். பெயர் ஜேம்ஸ் பரோ.

(தொடரும்)